அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

சென்ற தை மாதம் மதுரையில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் எடுத்த ஏழு நிமிடக் காணொளி, இரண்டு நாள் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. வளையல் அடுக்குவதைப் பார்க்கத்தான் அதைத் திறந்தேன். படத்தின் இடது ஓரத்தில், கலவை சாதப் பாத்திரங்களுக்கு அருகே நானும் என் எட்டு வயது மகளும் நின்றிருப்பதைக் கண்டபின் வளையல் மறந்துபோயிற்று. எனக்குப் பெரியம்மா முறையுள்ள ஒருவர் குனிந்து அவள் கன்னத்தைத் தடவி, "எத்தனாவது படிக்கிற கண்ணு?" என்று கேட்கிறார். "மூணாவது பெரியம்மா" என்று பதில் வருகிறது; சொன்னது நான். "பாட்டு கிளாஸுக்கு இன்னும் போறியா?" "இல்ல பெரியம்மா, நிறுத்திட்டோம்." அதுவும் நான். "சித்திக்குத் தம்பிப் பாப்பா பொறக்கணுமா, தங்கச்சிப் பாப்பாவா?" என்று அவளுடைய ஆசையை மட்டுமே கேட்கிற மூன்றாவது கேள்விக்கும் நானே சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லிவைக்கிறேன். இடையில் இருமுறை, "அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று விளக்கம் வேறு தருகிறேன். இரண்டாவது முறை அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்கிறாள். காணொளியை நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் அவள் வாய் திறப்பதற்கான இடைவெளி ஒரு முறைகூட இல்லை.

என் மகள் பேச மாட்டேன் என்கிறாள் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன். வீட்டில் அவள் வாயை மூடவைப்பதே பெரும் பாடு. எறும்பு ஏன் வரிசையில் போகிறது என்பதிலிருந்து, மாடி வீட்டு நாய்க்கு எப்போது பிறந்தநாள் என்பது வரை அவளுக்குச் சொல்லவும் கேட்கவும் நூறு விஷயம் இருக்கும். வெளியாள் ஒருவர் எதிரே வந்தால் மட்டும் அந்த வாய் அடைத்துக்கொள்ளும். குழந்தையின் தன்னம்பிக்கையை வளர்ப்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, அவளுக்கு என்ன செய்யலாம், எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்றுதான் ஓராண்டாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் செய்வதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி எழவே இல்லை.

ஏன் முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன் என்று என்னையே கவனிக்கத் தொடங்கியபோது ஒன்று புலப்பட்டது. யாராவது அவளிடம் கேள்வி கேட்டதும் என் மார்பில் ஒரு சிறு இறுக்கம் வருகிறது. நான் பதில் சொன்னதும் அது தளர்ந்துவிடுகிறது. உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பெயரைக் கேட்டுத் தண்டனை என்று பலரும் நினைத்துக்கொள்வதுண்டு, பொருள் அதுவன்று. ஒரு செயல் நமக்கு உவப்பில்லாத ஒன்றை உடனே நீக்கிவிடுமானால், அதையே திரும்பத் திரும்பச் செய்ய மனம் பழகிவிடும் என்பதே அதன் உட்பொருள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நட்டமில்லை என்பதுதான் இதன் ஆபத்து. கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, எனக்கு இறுக்கம் நீங்கிவிட்டது, மகளுக்கோ தப்பித்தோம் என்ற நிம்மதி. மூன்று பேருக்கும் உடனடிக் கூலி கிடைக்கிற ஒரு பழக்கம் எப்படி மாறும்? அவளுக்கு மட்டும் அந்த நிம்மதியோடு ஒரு பாடமும் சேர்ந்தே போகிறது: இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினமானது, அதனால்தான் அம்மா குறுக்கே வருகிறாள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள் அல்லது வேறு மாணவரை அழைத்தார்கள். காத்திருக்கும் நேரத்தை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன; பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது; மெதுவான பிள்ளைகள் என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்தவர்களும் பேசத் தொடங்கினர். இதை வாசித்தபின் என் விநாடிகளை அளந்து பார்த்தேன். காணொளியில் நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு விநாடிகூட இல்லை. சில இடங்களில் கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் போய்விட்டது.

மூன்று விநாடி என்பது எழுதும்போது சிறியது. ஒரு விசேஷ வீட்டில், நான்கு உறவினர்கள் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அது திருமலை நாயக்கர் மகால் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும் நேரம் போல நீளும். அந்த நேரத்தை என்னால் ஏன் தாங்க முடியவில்லை என்பதற்கான விடை என் மகளிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது. ஆறாம் வகுப்பில், சுதந்திர தின விழா மேடையில் பேசப் போய், வணக்கம் சொன்னபின் ஒரு சொல்லும் நினைவுக்கு வராமல் நின்றேன். மறதியைவிடப் பெரிய துன்பம் பிறகு வந்தது. என் மாமா ஒருவர், அடுத்த பத்தாண்டுக்கு எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும், "மைக்கைப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னாளே, அந்தப் புள்ளதானே" என்று அன்பாகவே நினைவூட்டுவார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் மகள் அந்தப் பெரியம்மாவின் முன் மௌனமாக நின்றபோது நான் பார்த்தது அவளையா, பதினொரு வயது என்னையா என்று கேட்டுக்கொண்டால், உண்மையான பதில் எனக்குச் சற்றுச் சங்கடமானது. அவளைக் காப்பாற்றுவதாக எண்ணி, முப்பது ஆண்டுக்கு முந்தைய மேடையிலிருந்து என்னையே இறக்கிக்கொண்டிருந்தேன்.

கூச்சம் ஒரு நோய் என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன் 1989-இல் ஏறத்தாழ 500 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் வண்ணப் பொம்மைகளை ஆட்டியும், பழக்கமில்லாத குரல்களைக் கேட்கச் செய்தும் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கை கால்களை உதைத்து அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகள் வளர்ந்தபின் புதியவர்கள் முன் தயங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆகவே பிறவி இயல்பு என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டுவது சரியன்று. ஆயினும், அவர்களில் எல்லோரும் அச்சமுள்ள பிள்ளைகளாக வளர்ந்துவிடவில்லை. சிறு சிறு சிரமங்களின்போதெல்லாம் தூக்கி அணைத்துக்கொள்ளப்பட்ட குழந்தைகளைவிட, அவற்றைத் தாமே சமாளிக்க அன்போடு விடப்பட்ட குழந்தைகளிடம் அச்சம் குறைந்ததைக் கேகனின் குழுவினர் கண்டார்கள். பிறவி இயல்பு ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. அதை அவள் காதுபட "கூச்ச சுபாவம்" என்று ஊராரிடம் அறிவித்ததன்மூலம், நான் அதை அவளுடைய பெயரின் முன்னெழுத்தாக்கி வைத்திருந்தேன்.

நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேசாவிட்டால் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார்கள், பேசினால் "வாயாடி" என்பார்கள், பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் "அதிகப்பிரசங்கி" என்ற பட்டம் காத்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு குழந்தை நடந்து போகவேண்டிய பாதையின் அகலம் எவ்வளவு என்று நாம் அளந்து பார்ப்பதே இல்லை.

என் பார்வையைத் திருப்பியது யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மையத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. பதற்ற நோய் உள்ள குழந்தைகளின் வீடுகளில், குழந்தையின் பயத்துக்கு ஏற்பக் குடும்பமே தன்னை வளைத்துக்கொள்வதை அவர் கவனித்தார்: இருட்டுக்குப் பயந்தால் அம்மா கூடப் படுத்துக்கொள்வாள், பேசப் பயந்தால் அப்பா பேசிவிடுவார். அவருடைய முறையில் சிகிச்சையாளர் குழந்தையைச் சந்திப்பதே இல்லை. பெற்றோர் மட்டும் 12 வாரம் வந்து, தங்கள் வளைதலை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள். 2020-இல் வெளியான சோதனையில், 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு நேரடிச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினரின் பெற்றோருக்கு மட்டும் இந்தப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை அறைக்குள் காலடியே வைக்காத குழந்தைகளும், நேரடிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறையாமல் தேறியிருந்தார்கள். என் மகளுக்கு இருப்பது நோயன்று, சாதாரணத் தயக்கம்தான். ஆனாலும் அந்த முறையின் அடிப்படை எனக்குப் போதுமானதாக இருந்தது: குழந்தை இன்னதைச் செய்தாக வேண்டும் என்று திட்டம் போடாதே, ஏனென்றால் அது உன் கையில் இல்லை, நீ என்ன செய்வாய், என்ன செய்யமாட்டாய் என்று மட்டும் முடிவு செய். அதோடு, அவளுடைய கஷ்டத்தை ஒப்புக்கொள்வதும், அவளால் தாங்க முடியும் என்று நம்புவதும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் அது வெறும் பரிதாபமாகிவிடும், அல்லது வெறும் அதட்டலாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்: "யாராவது உன்கிட்ட ஏதாவது கேட்டா, நான் குறுக்க வந்து பதில் சொல்லிடறேன்ல? இனிமே சொல்லப்போறதில்ல. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும், உன்னால சமாளிக்க முடியும்னும் தெரியும். பேசத் தோணலைன்னா கை கூப்பி வணக்கம் சொன்னாப் போதும்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எல்லாரும் என்னையே பார்ப்பாங்களே" என்றாள். "ஆமா, பார்ப்பாங்க" என்றேன். "யாரும் பார்க்கமாட்டாங்க" என்று வாய்வரை வந்த பொய்யை விழுங்கியது நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம்.

முதல் சோதனை தெருமுனை மளிகைக் கடையில் நடந்தது. கால் கிலோ உளுந்து வாங்கிவர அனுப்பினேன். மாடியிலிருந்து பார்த்தால் கடை வாசல் தெரியும். போனாள், நின்றாள், இரண்டு பேர் அவளைத் தாண்டி வாங்கிக்கொண்டு போனார்கள், பிறகு ஏதோ சொன்னாள். கடைக்காரர் "உருட்டா, உடைச்சதா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். உளுந்தில் இரண்டு வகை இருப்பதே அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லி அனுப்பவில்லை. வெறுங்கையோடு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அவள் படியேறி முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றிருந்தேன். என் கணவர் செய்தித்தாளை விலக்காமலே, "செருப்பைக் கழட்டு" என்றார். அந்த நொடியில் அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கழற்றினேன்.

சாயங்காலம் அவளாகவே கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, "கால் கிலோ உளுந்து. உருட்டு." என்று எழுதிக்கொண்டு மறுபடி போனாள். சீட்டைக் கடைக்காரரிடம் கொடுக்காமல், அதைப் பார்த்துப் படித்திருக்கிறாள். அந்தச் சீட்டு ஓர் ஏமாற்று வேலை, பேசப் பழகுவதற்கு உதவாது என்று எனக்கு முதலில் தோன்றியது. அடுத்தமுறை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாகச் செய்யவில்லை. நான்கைந்து முறைக்குப் பின் சீட்டு மடிந்தபடியே கைக்குள் இருந்தது; அதற்குப் பின் அதை எழுத மறந்துபோனாள்.

ஒருவருக்குத் தன் திறன்மீது நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதிய கட்டுரையில் நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடல் காட்டும் படபடப்பு அல்லது அமைதி. இவற்றில் முதலாவதே வலிமையானது; ஊக்கச் சொல்லின் வலிமை அதைவிடக் குறைவு, பின்னால் வரும் ஒரு தோல்வி அதைச் சுலபமாக அழித்துவிடும். பாம்பைக் கண்டு நடுங்கும் பெரியவர்களைக் கொண்டு அவர் செய்த சோதனைகளில், பாம்பை ஒருவர் கையாளுவதைப் பார்த்தவர்களைவிட, துணையோடு படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியவர்களிடம் நம்பிக்கை அதிகமாக வளர்ந்தது. "உன்னால முடியும்டா கண்ணா" என்று நாம் காலையும் மாலையும் ஓதுகிற மந்திரத்தின் இடம் இந்த வரிசையில் எங்கே என்று பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கால் கிலோ உளுந்து அதைவிட நன்றாகப் பேசுகிறது.

பாராட்டு விஷயத்திலும் நான் சறுக்கினேன். அவள் உளுந்தோடு வந்த அன்று, பையோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, குடும்பக் குழுவில் போடக் கைப்பேசியைத் திறந்தேன். "குரூப்ல போடாதம்மா" என்றாள். சாதாரணமான ஒரு காரியத்தைச் செய்திருக்கிறாள், நான் அதைச் சாதனை விழாவாக்கினால், முன்பு அது முடியாதிருந்த செய்தியும் சேர்ந்தே ஊருக்குப் போகிறது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. நெதர்லாந்தில் எடி புரூமல்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்து, சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்" என்றும், சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்" என்றும் எழுதிக் கொடுத்தார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள், மிகைப்படுத்திய பாராட்டைப் பெற்றபின் கடினமான படங்களைத் தவிர்த்து எளிதானவற்றையே தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்கள் அத்தகைய பிள்ளைகளுக்குத்தான் மிகைப்பாராட்டை அதிகமாக வழங்குகிறார்கள் என்பது அதே ஆய்வில் வந்த இன்னொரு முடிவு. படத்தை அழித்துவிட்டு, உளுந்தை ஊறவைத்தேன்.

உறவினர்களைச் சமாளிப்பது இதைவிடக் கடினம். மாமியார் என்னைத் தனியே அழைத்து, "பெரியவங்க கேட்கிறாங்க, நீயும் சும்மா நிக்கிற, அவளும் சும்மா நிக்கிறா. மரியாதையாவா இருக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதில் சொல்வது நம் ஊரில் தகவல் பரிமாற்றம் மட்டுமன்று, வந்தவரை மதித்ததற்கான அடையாளம். இப்போது நான், "யோசிச்சுச் சொல்வா அத்தை, கொஞ்சம் இருங்க" என்கிறேன். "கூச்சப்படுவா" என்பதற்கும் "யோசிச்சுச் சொல்வா" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை என் மகள் மிக விரைவில் பிடித்துக்கொண்டாள். சில நேரம் உண்மையிலேயே யோசிப்பது போல நெற்றியைச் சுருக்குகிறாள். அது பாவனை என்று எனக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசவில்லை என்றால், அது புதிதாகச் சேர்ந்த முதல் மாதமாக இல்லாத நிலையில், மேலே நான் எழுதிய கடைத்தெருப் பயிற்சிகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது தனியாகக் கவனிக்கவேண்டிய பதற்ற நிலை. குழந்தை உளவியலாளரைப் பார்ப்பதே முறை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழைத்துக் கேட்கலாம்.

இந்த ஆறு மாதத்தில் அவள் பேச்சாளர் ஆகிவிடவில்லை. அப்படி ஆகவேண்டும் என்ற ஆசையும் எனக்கு வடிந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற மறுத்துவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. மாறியது பெரும்பாலும் நான்தான். அலுவலகக் கூட்டத்தில் ஒரு கணக்கு எனக்குப் புரியாதபோது, பதினான்கு ஆண்டில் முதல்முறையாகக் கையை உயர்த்திக் கேட்டேன். குரல் நடுங்கியது. அன்று இரவு அதை மகளிடம் சொன்னபோது, "எல்லாரும் உன்னையே பார்த்தாங்களா?" என்று கேட்டாள். "பார்த்தாங்க" என்றேன். "அப்புறம்?" "அப்புறம் டீ வந்துச்சு, எல்லாரும் டீயைப் பார்த்தாங்க."

போன வாரம் அவளைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். சில மாதங்களாகவே காலை நேரத்தில் வயிற்று வலி என்று நான்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கான மருந்தும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. "என்ன பண்ணுது?" என்று வழக்கம்போல என்னைப் பார்த்து மருத்துவர் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆறாவது விநாடியில் அவள் பேசினாள்: "வலியெல்லாம் இல்ல டாக்டர். வேன்ல பின்னாடி சீட்ல உட்கார்ந்தா வாந்தி வர்ற மாதிரி இருக்கும். முன்னாடி உட்கார்ந்தா வராது." மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பி, "எந்த ஸ்டாப்ல ஏறுற?" என்று கேட்டார்.